ஏணி இரண்டு முறை விழுந்த மத்தியானம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் வேலை பார்த்த தியேட்டரிலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே ஆபரேட்டராக இருக்கும் தம்பி பேசினார். படம் ஓடும் கம்ப்யூட்டர் பெட்டி திடீரென்று நின்றுவிட்டதாம், சென்னையில் இருக்கிற கம்பெனிக்காரன் போனை எடுக்கவில்லையாம், ஜனம் கத்துகிறதாம். "உங்க காலத்துல இன்னா பண்ணுவீங்க பாய்?" என்று கேட்டார். "மைக் இருக்கா?" என்றேன். "மைக்கா? அது எதுக்கு?" என்றார். அதற்குள் பெட்டி உயிர் பெற்றுவிட்டது, போனை வைத்துவிட்டார். மறுநாள் வேங்கிக்காலில் என் வீட்டுக்கே வந்து, மைக் விஷயம் என்னவென்று கேட்டார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அந்தக் காலம் பொற்காலம் என்றெல்லாம் அழ மாட்டேன். கார்பன் புகையை இருபத்தைந்து வருஷம் குடித்தவன் நான். புதுப் பெட்டி ரொம்ப நல்ல பெட்டி.

எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் டிக்கெட் கிழித்தேன், பிறகு ரீல் சுற்றினேன், வேலூரில் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினேன், இரண்டாவது ஆபரேட்டர் ஆனேன். "சினிமாக் கொட்டாயில் வேலை பார்க்கிறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று என் அத்தா கேட்டார். ஒருவர் கொடுத்தார். அது வேறு கதை.

தலைமை ஆபரேட்டர் ஆறுமுக அண்ணன். அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பம். காலையில் கிணற்றுப் பாசனம் பார்த்துவிட்டு சைக்கிளில் வந்து மத்தியானக் காட்சிக்கு மெஷினைத் துடைப்பார். அதிகம் பேச மாட்டார். அறையில் இரண்டு மெஷின்கள், ஒன்றில் ரீல் முடியும்போது இன்னொன்றைத் தொடங்க வேண்டும். திரையின் வலது மூலையில் ஒரு சின்னப் புள்ளி வரும், அது தயாராகு என்று அர்த்தம். இரண்டாவது புள்ளி வந்ததும் மாற்ற வேண்டும். அண்ணன் என் தோளில் ஒரு விரலால் ஒரு தட்டு தட்டினால் கார்பன் குச்சியை நெருக்கு, வெளிச்சம் மங்குகிறது. இரண்டு தட்டு தட்டினால் மாற்று. பத்து வருஷத்தில் அவர் என்னிடம் வாயால் சொன்னதைவிட விரலால் சொன்னதுதான் ஜாஸ்தி.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பாட்டு வந்தால் பெஞ்சில் இருக்கிறவர்கள் "ஒன்ஸ்மோர்" என்று கத்துவார்கள். மற்ற ஊர்களில் ரீலைத் திருப்பிச் சுற்றி மறுபடி ஓட்டுவார்கள். எங்கள் தியேட்டரில் நடக்காது. பெரிய நடிகரின் படத்துக்கு ரசிகர்கள் நாலு நாற்காலியை உடைத்தபோதும் அண்ணன் ஓட்டவில்லை. "ஒரு ரீலை ரெண்டு தபா ஓட்டுறவன் ஆபரேட்டர் இல்ல கரீமு. படம் எடுத்தவன் ஒரு வரிசைல குடுத்திருக்கான். அதைக் கலைக்க நாம யாரு?" என்பார். முதலாளியே மேலே வந்து கெஞ்சியிருக்கிறார், அசையவில்லை.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஞாயிறு காலையில் குறைந்த கட்டணத்தில் ஆங்கிலப் படம் போடுவோம். பார்க்க வருகிறவர்களுக்கும் ஆங்கிலம் தெரியாது, எனக்கும் தெரியாது. படப்பெட்டிக்குள் கதைச் சுருக்கம் என்று தமிழில் ஒரு தாள் வரும். அதை மனப்பாடம் செய்து, படம் ஓடும்போது சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, மைக்கில் நான் கதை சொல்வேன். தாளில் இல்லாத இடத்தில் என் சொந்தச் சரக்கு போகும். துரை துப்பாக்கியைத் தூக்கினால் "வட்டி கட்டலைன்னு கோவமா இருக்காரு" என்பேன். இதற்காகவே வருகிற கூட்டம் ஒன்று இருந்தது.

எண்பதாம் வருஷம், மாசி மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம் சூரிய கிரகணம். ரெண்டரை மணிக்குப் பிடித்து ஐந்து மணிக்கு விடும் என்று பஞ்சாங்கம் சொன்னது. ஊரே அரண்டுபோய்க் கிடந்தது. பார்த்தால் கண் போய்விடும் என்று பத்திரிகையில் போட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் மேல் ஒரு பொட்டு வெளிச்சம்கூடப் படக்கூடாது, பட்டால் பிள்ளைக்குக் குறை வரும் என்று வீட்டுக்கு வீடு பயம். எங்கள் தெருவில் முஸ்லிம் வீடுகளிலும் அதே பயம்தான், அதில் மட்டும் பேதம் இல்லை. கடைகள் அடைப்பு, பஸ் பாதி ஓடாது.

எங்கள் முதலாளிக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. ஊரிலேயே ஜன்னல் இல்லாத பெரிய கட்டடம் எது? நம்ம தியேட்டர். இரண்டு மணிக்கு எல்லாரையும் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால், கிரகணம் விட்ட பிறகு திறந்துவிடலாம். ஞாயிறு காலைக்கு என்று புக் செய்திருந்த ஆங்கிலப் படம் வேறு பொருத்தமாக அமைந்தது. பேசும் படம் வந்த புதிதில் எடுத்த பழைய சிரிப்புப் படம், பேர்பெற்ற நாவல் ஒன்றிலிருந்து எடுத்ததாம். ஒரு மெக்கானிக் மண்டையில் ஏணி விழுந்து மயங்குகிறான், கண் விழித்தால் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ராஜா காலத்தில் கிடக்கிறான். அவனை உயிரோடு கொளுத்தப் போகிறார்கள். அன்றைக்கு கிரகணம் என்பது அவனுக்கு மட்டும் தெரியும். "சூரியனை அணைச்சிடுவேன்" என்று மிரட்டித் தப்பிக்கிறான். படத்தின் பேர் எனக்கு அன்றைக்கே வாயில் நுழையவில்லை.

ரிக்‌ஷாவில் மைக் கட்டி ஊர் முழுக்க விளம்பரம் செய்தோம். "கிரகணம் பிடிக்கும் முன் உள்ளே வாருங்கள், விட்ட பின் வெளியே போங்கள். கர்ப்பிணிப் பெண்களுக்குத் தனி இடம்." யார் வரப்போகிறார்கள் என்று நான் சிரித்தேன். முந்நூறு பேர் வந்தார்கள். பெண்கள் பக்கத்தில் பதினோரு பிள்ளைத்தாய்ச்சிகள், பக்கத்திலேயே பதினோரு மாமியார்கள்.

அதில் ஒருத்தி மல்லிகா, ஆறுமுக அண்ணனின் ஒரே மகள். என்னைவிட நாலு வயதுதான் சின்னவள், ஆனாலும் கிண்டலாக என்னைச் சித்தப்பா என்பாள். கல்யாணமாகி ஆறு வருஷம், இரண்டு முறை தங்காமல் போய், இப்போது ஏழாம் மாதம். அவர்கள் வீடு ஓட்டு வீடு, இடுக்கில் எல்லாம் வெளிச்சம் ஒழுகும். அதனால் அண்ணன்தான் தியேட்டருக்கு வரச் சொன்னார். மாமியார் பச்சையம்மா லேசில் சம்மதிக்கவில்லை. வாசலில் அண்ணனை நிறுத்தி வைத்துக் கேட்டாள், நான் பக்கத்தில் இருந்தேன்.

"கதவு தெறக்கமாட்டீங்களே சம்பந்தி?"

"அஞ்சு மணி வரைக்கும் தெறக்க மாட்டோங்க. நான் சொல்றேன்ல."

"இந்தப் புள்ளைக்கு எதனா ஒண்ணு ஆச்சுனா, நீங்க எங்க வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மருமகளின் தலையில் முந்தானையை இழுத்துப் போட்டு உள்ளே அழைத்துப் போனாள். நான் அவள் வழியிலிருந்து ஒதுங்கி நின்றேன்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன். படப்பெட்டி வந்தால் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து, ரீலைக் கையால் சுற்றி, ஓரத்தில் விரல் வைத்துக் கிழிசல் பார்த்து ஒட்டி, நீளத்தைக் குறித்துவைப்பது இரண்டாவது ஆபரேட்டர் வேலை. அன்றைக்கு பஸ் குறைவு, பெட்டி பன்னிரண்டரைக்குத்தான் வந்தது. வாசலில் கூட்டம். நான் டப்பாக்களை எண்ணினேன். எட்டு. தமிழ்ப் படம் எட்டு டப்பாவில்தான் வரும், டப்பாவுக்கு இரண்டு ரீல், ரெண்டே முக்கால் மணி நேரம் ஓடும். "எட்டு டப்பாண்ணா, அஞ்சு மணி தாண்டிடும்" என்றேன். அண்ணன் தலையாட்டினார், முதலாளிக்கும் அதையே சொன்னார்.

இரண்டு மணிக்கு எல்லாக் கதவும் சாத்தியாயிற்று. விளம்பர ஸ்லைடு, அரசாங்கச் செய்திப் படம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது முதல் டப்பாவைத் திறந்தேன். ஒரே ஒரு ரீல். சரி, இது மட்டும் அப்படி இருக்கும் என்று இரண்டாவதைத் திறந்தேன். அதிலும் ஒன்று. எட்டையும் திறந்து பார்த்தேன், மொத்தம் எட்டே ரீல். பழைய வெள்ளைக்காரப் படம் ஒன்றரை மணிக்கும் குறைவாக முடியும் என்று எனக்கு எந்த ஜோசியன் சொன்னான்? தமிழ்நாட்டில் படம் என்றால் மூன்று மணி நேரம்தான்.

அண்ணனிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தினி மணிக்கு முடியும்?"

"நாலுண்ணா."

"விடறது?"

"அஞ்சு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவரில் மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓட்டை வழியாகக் கீழே பார்த்தார். பெண்கள் பக்கத்துக் கதவு மேற்கே பார்த்தது. நாலு மணிக்கு அதைத் திறந்தால் வெயில் நேராக மூன்றாவது வரிசை வரை விழும். மல்லிகா இரண்டாவது வரிசையில் இருந்தாள்.

மைக்கில் உண்மையைச் சொல்லி எல்லாரையும் உட்காரச் சொல்லலாமா என்று கேட்டேன். "ஒரு மணி நேரம் சும்மா எவன் உக்காருவான்? பெஞ்சுல இருக்கறவன் கிரகணம் பாக்கணும்னு கதவை ஒடைப்பான்" என்றார். இடைவேளையை இழுத்துப் பார்த்தோம், நடக்கவில்லை. கிரகண நேரத்தில் யாரும் வாயில் ஒன்றும் போடமாட்டார்கள், முறுக்குக்காரர் கூடையை மூடி அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். பத்தாவது நிமிஷம் விசில் பறந்தது.

படம் என்னவோ நன்றாகத்தான் போனது. பழைய பிரிண்ட், பேச்சு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கரகரத்தது. ஏழாவது ரீலில் மெக்கானிக்கைக் கம்பத்தில் கட்டித் தீ வைக்கப் போகிறார்கள், சூரியன் கறுக்கிறது. அப்போது மணி மூன்று ஐம்பது, வெளியேயும் உச்சம். ஒரு கிழவி "அண்ணாமலையாரே" என்றாள். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன்.

எட்டாவது ரீல் மெஷினில் ஏறியது. அதில் அவன் விழித்துக்கொள்வான், எல்லாம் முடிந்துவிடும். எனக்குப் பத்து நிமிஷம் இருந்தது, பிறகு முதலாளி கதவைத் திறந்தாக வேண்டும். மல்லிகாவுக்கு ஏதாவது ஆனால் என் டப்பாக் கணக்குதான் காரணம் என்று ஆயுசுக்கும் இருக்கும். கிரகண வெளிச்சத்தால் ஒன்றும் ஆகாது என்று இன்றைக்குச் சொல்லலாம். அன்றைக்கு நான் அந்த அறையில் நின்று துஆ கேட்டேன்.

அண்ணன் மேஜைப் பக்கம் போனார். ஓடி முடித்த ரீல்களை உடனுக்குடன் திருப்பிச் சுற்றி அடுக்கிவைப்பது எங்கள் வழக்கம், ஏழும் தயாராக இருந்தன. அவர் இரண்டாவது ரீலை எடுத்தார். ஏணி விழுகிற ரீல் அது. காலியான மெஷினில் மாட்ட ஆரம்பித்தார்.

"அண்ணா, அது ரெண்டாவதுண்ணா" என்றேன்.

"தெரியும்."

"ஓடுனதுண்ணா."

"தெரியும் கரீமு. அவன்தான் காலத்துல முன்னாடி பின்னாடி போறவனாச்சே. இன்னொரு தபா போவட்டும். நீ அதுக்குத் தோதா கதை சொல்லு." கண்ணை மூடிக்கொண்டே மாட்டுகிறவருக்கு அன்றைக்கு இரண்டு முறை ஃபிலிம் மெஷின் பல்லில் சரியாக உட்காரவில்லை.

எட்டாவது ரீலில் மெக்கானிக் விழித்து, கொட்டாவி விட்டு, தன் பட்டறையில் எழுந்து நின்றான். கீழே ஜனமும் எழுந்து நிற்க ஆரம்பித்தது. மேற்குக் கதவுப் பக்கம் பச்சையம்மாவின் தலை தெரிந்தது. மூலையில் புள்ளி வந்தது. அண்ணன் என் தோளில் இரண்டு தட்டு தட்டினார். மாற்றினேன், மைக்கைப் பிடித்தேன்.

"உக்காருங்க, உக்காருங்க. இன்னும் முடியல. பாவி, ஏணியை எடுத்து மாட்டாம அங்கயே வெச்சிருக்கான் பாருங்க. மறுபடியும் அடி வாங்கப் போறான்."

திரையில் ஏணி சரிந்து மண்டையில் விழுந்தது. கொட்டகை அதிர்கிற மாதிரி ஒரு சிரிப்பு. நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். பச்சையம்மா ஒரு கணம் நின்றுகொண்டே திரையைப் பார்த்தாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள்.

அடுத்த ஒரு மணி நேரம் நான் பேசிய பேச்சுக்குக் கணக்கே இல்லை. படத்துச் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டேன். ராஜா முன்னால் மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "ராஜா, நேத்துதானே வந்தேன், மறந்துட்டீங்களா?" என்றேன். ராஜா முறைத்தார். "உன்னை நான் பாத்ததே இல்லையேடா" என்றேன். ராஜகுமாரி சிரித்தாள். "போன தபா சிரிச்ச மாதிரியே சிரிக்குது பாருங்க. பாவம், அதுக்கு எல்லாம் புதுசு. நம்மாளுக்குத்தான் சலிச்சுப் போச்சு" என்றேன்.

பெஞ்சிலிருந்து ஒருத்தர், "ஏன் பாய், போன தபா அந்தச் சந்துல ஓடித்தான மாட்டுனான்? திருப்பியும் அங்கயே ஓடுறானே" என்று கேட்டார்.

"தெரிஞ்ச வழினு ஓடுறான்ணே."

மறுபடியும் கம்பத்தில் கட்டினார்கள். "இந்தத் தபா பஞ்சாங்கம் எடுத்தாரலையே" என்றேன். பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமானது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு ரீலையும் மாட்டிவிட்டு, ஓட்டை வழியாக இரண்டாவது வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழாவது ரீல் முடிந்தபோது மணி ஐந்து தாண்டி ஐந்து நிமிஷம். முதலாளி வெளியே போய், தண்ணீர்த் தொட்டியில் சூரியனைப் பார்த்துவிட்டு வந்து கை காட்டினார். கதவுகள் திறந்தன. ஜனம் சிரித்துக்கொண்டே போனது. ஒருத்தர்கூட டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கவில்லை. மல்லிகா போகும்போது ஒருமுறை எங்கள் அறையை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் காலைக் காட்சியில்தான் வம்பு. எட்டு ரீலையும் ஒழுங்காக ஓட்டி விளக்கைப் போட்டோம். முந்தின நாள் பார்த்தவர்கள் மறுபடியும் வந்திருந்தார்கள், கூடவே பத்துப் பேரைக் கூட்டி வந்திருந்தார்கள். "படத்தை வெட்டிட்டாங்க, நேத்து ரெண்டு தபா போனான், இன்னைக்கு ஒரு தபாதான் போறான், பாதியைக் காணோம்" என்று சிரிப்பும் கூச்சலுமாக ஒரே சத்தம். முதலாளி மேலே ஓடி வந்தார். "ஆறுமுகம், ஓட்டிடுங்களேன், ஜனம் ஆசைப்படுது" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்து, "இன்னொரு கிரகணம் வந்தா ஓட்டறேன்னு மைக்ல சொல்லு" என்றார். சொன்னேன். அதற்கும் கை தட்டினார்கள்.

ஆனால் அவருக்கு அந்த விஷயம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. மெஷினைத் துடைக்கும்போது திடீரென்று சொல்வார்: "முந்நூறு பேரை ஏமாத்திட்டோம் கரீமு. எம் பொண்ணுக்காக." தப்பு என்னுடையது என்று நூறு முறை சொன்னேன். டப்பா எண்ணியது நான், ரீல் மாட்டியது அவர். அவருக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிந்தது.

சித்திரையில் மல்லிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல எடை. பிஸ்கட்டும் பழமும் வாங்கிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். அண்ணன் வெளியே வேப்ப மர நிழலில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே, பேத்தியைப் பார்க்க வந்திருந்த பச்சையம்மா எனக்கு மோர் கொடுத்தாள். நான் பயந்துகொண்டே குடித்தேன்.

"நல்லா கதை சொன்னீங்க தம்பி" என்றாள்.

"ஏதோ உளறுனேன்மா."

"அந்த ராஜாவுக்கு ஒட்டு மீச. எடப் பக்கம் பிரிஞ்சு தொங்கிச்சு. மொத தபாவும் தொங்கிச்சு, ரெண்டாவது தபாவும் அதே எடத்துல தொங்கிச்சு. எனக்குக் கண்ணு தெரியாதா இன்னா?"

மோர் எனக்குப் புரையேறியது. "அப்பவே தெரியுமாம்மா?"

"எல்லாருக்குந்தான் தெரியும். எம் பக்கத்துல இருந்தவ சொன்னா, போட்டதையே போடுறாங்கனு. கதவைத் தெறந்தா வெயிலு அடிக்கும்னு பேசாம இருடினு சொன்னேன். அவ அந்தாண்ட இருந்தவகிட்ட சொன்னா. அப்படியே பெஞ்சு வரைக்கும் போச்சு. நான் அப்படியே நின்னுக்கினு இருந்தா பதினோரு பொண்ணுங்களும் எழுந்திருக்கும். அதான் உக்காந்தேன்."

டம்ளரை வைத்துவிட்டு நேராக மரத்தடிக்குப் போனேன், அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தை அவர் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"அப்போ அந்த முந்நூறு பேரும் எனக்காகப் பொய்யா சிரிச்சாங்களா கரீமு?" என்றார்.

"பொய்யா சிரிக்கலண்ணா. தெரிஞ்சே சிரிச்சாங்க."

அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். பேத்தி விழித்துக்கொண்டு அழ ஆரம்பிக்கும் அளவுக்குச் சத்தமாக, என் பத்து வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு சிரிப்பு.